"ஜோன் வந்திருக்கு, மேம்!"

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நுண்ணுயிரியலும் உயிரித்தொழில்நுட்பமும் படிக்கும் முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவ மாணவியருக்கு,



ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் பாதி வரை எங்கள் துறை வராந்தாவில் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். "ஜோன் வந்திருக்கு, மேம்!" முந்தின நாள் சாயங்காலம் அகாரில் துளை போட்டு, இலைச்சாறு ஊற்றி, இன்குபேட்டரில் வைத்துவிட்டுப் போன பெண், காலையில் தோள்பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்த் திறந்து பார்த்திருப்பாள். பாக்டீரியா வெண்மையாகப் படர்ந்த தட்டில், துளையைச் சுற்றி மட்டும் தெளிவாக ஒரு வட்டம். ஸ்கேல் வைத்தால் 14 மில்லிமீட்டர். நானும் தட்டை ட்யூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்து, "நல்லா வந்திருக்கும்மா, போட்டோ எடுத்துக்கோ" என்பேன். அத்தோடு ஆய்வு முடிந்தது. மீதி டைப்பிங், பைண்டிங், வைவா.

இருபத்தாறு வருடம் இப்படிச் சொன்னேன். ஓய்வுபெறும்போது துறை நூலகத்து அலமாரியை ஒழுங்குசெய்து ஒப்படைக்க வேண்டியிருந்தது. நான் வழிகாட்டிய ஆய்வேடுகளே இரண்டு தட்டு நிறைய இருந்தன. முதுகில் தங்க எழுத்து. வேப்பிலை, துளசி, குப்பைமேனி, கீழாநெல்லி, நொச்சி, மறுபடியும் வேப்பிலை. மஞ்சள் மட்டும் ஏழு தடவை. எல்லாவற்றிலும் கடைசிப் பத்தி ஒன்றுதான்: இந்தச் சாற்றிலிருந்து எதிர்காலத்தில் புதிய மருந்து கிடைக்க வாய்ப்புண்டு. அதை எழுதிய பிள்ளைகளில் ஒருவர்கூட அந்த எதிர்காலம் வரைக்கும் போகவில்லை. வழியை நான் காட்டவில்லை என்பதுதான் உண்மை. ஆகவே இந்த மடலைப் பாதி மன்னிப்பாகவும் பாதி வேண்டுகோளாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வட்டம் என்ன சொல்கிறது? துளைக்குள் இருந்த ஏதோ ஒன்று அகாரில் ஊறிப் பரவி, அங்கிருந்த நுண்ணுயிரை வளரவிடவில்லை. அவ்வளவுதான். பினாயில் ஊற்றினாலும் ஜோன் வரும். எலுமிச்சைச் சாறு ஊற்றினால் அதன் புளிப்பே வட்டம் போடும். சாறு இறக்கப் பயன்படுத்திய எத்தனால் முழுதாக ஆவியாகாமல் கொஞ்சம் தங்கியிருந்தால், இலை செய்யாத வேலையை அது செய்து கொடுத்துவிடும். அதற்காகத்தான் கரைப்பானை மட்டும் ஊற்றிய ஒரு துளை அதே தட்டில் இருக்க வேண்டும் என்கிறோம். அந்தத் துளை இல்லாத ஆய்வேடுகள் என் அலமாரியில் எத்தனை என்று எண்ணினேன். எண்ணிக்கையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

வட்டத்தின் அகலத்தையும் நம்ப முடியாது. சின்ன மூலக்கூறு அகாரில் வேகமாக ஓடும். பெரியதும் எண்ணெய்ப் பிசுக்குள்ளதும் துளையோரத்திலேயே தயங்கி நிற்கும். பூஞ்சைக்கு எதிரான மருந்துகளில் பெரிய ஆளான ஆம்போடெரிசினே அப்படித்தான் மெதுவாகப் பரவும். 22 மில்லிமீட்டர் தந்த சாறு 12 தந்ததைவிட வீரியமானது என்று நாம் கலர் கலராகப் பட்டை வரைபடம் போடுகிறோமே, அது வேகமாக நடக்கிறவன்தான் பலசாலி என்று சொல்வது மாதிரி. போதாததற்கு, நாம் சோதிக்கும் ஈ.கோலை எது? சண்டிகர் நுண்ணுயிர் வங்கியிலிருந்து என்றைக்கோ வாங்கி, வருடக்கணக்காக மறுபடி மறுபடி வளர்த்துவரும், எந்த மருந்தைக் காட்டினாலும் செத்துப்போகிற சாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் குழாயில் ஒட்டிக்கொண்டிருப்பது வேறு ஜாதி.

மஞ்சளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. குர்குமின் எதைச் சோதித்தாலும் 'ஆம்' என்று தலையாட்டும். நீர்மத்தில் சிதைகிறது, தானே ஒளிர்கிறது, கண்ட புரதத்தோடும் ஒட்டுகிறது. சோதனைகளை ஏமாற்றும் பொருள்களின் பட்டியலில் வேதியியலார் அதை வைத்திருக்கிறார்கள். 2017இல் மருந்து வேதியியல் இதழ் ஒன்றில் இதை விரிவாக அலசிய கட்டுரை வந்தது. அதைப் படித்த பிறகும் நான் ஒரு மஞ்சள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பிள்ளைக்கு மே மாதம் கல்யாணம், சீக்கிரம் முடித்தாக வேண்டும் என்றாள்.

1928இல் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனையில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் பார்த்ததும் ஜோன்தான். பாடப்புத்தகம் அங்கே கைதட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. உண்மையில் அதன்பின் ஏறத்தாழ பன்னிரண்டு வருடம் அது ஜோனாகவே கிடந்தது. அந்தப் பூஞ்சைச் சாற்றிலிருந்து வேலை செய்யும் பொருளைச் சிதையாமல் பிரிக்க ஃப்ளெமிங்குக்குக் கைகூடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி ஆகியோர்தான் அதைப் பிரித்தார்கள். 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொல்லும் அளவு ஸ்ட்ரெப்டோகாக்கஸை ஏற்றி, நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மறுநாள் விடியுமுன் மருந்து பெறாத நான்கும் செத்திருந்தன. பெற்ற நான்கும் உயிரோடு இருந்தன. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட நாள் எது என்று வைவாவில் கேட்டால் நான் இப்போதெல்லாம் இந்த நாளைத்தான் சொல்வேன்.

உங்களுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய கதை இன்னொன்று இருக்கிறது. வகுப்பில் ஒரு வரியில் தாண்டிப்போன கதை. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்று இரண்டு பெண்கள். இருவரும் நியூயார்க் மாநில சுகாதாரத் துறை ஊழியர்கள். ஹேசன் நுண்ணுயிரியலாளர், நியூயார்க் நகரத்தில் இருந்தார். பிரவுன் வேதியியலாளர், இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஆல்பனியில். 1940களின் கடைசி. பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்துவிட்டன, பாக்டீரியா நோய்கள் மடிந்தன. ஆனால் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களின் வாயிலும் குடலிலும் கேண்டிடா பூஞ்சை வெண்மையாகப் படர்ந்தது. காவல் காத்த பாக்டீரியாக்களும் சேர்ந்து செத்துவிட்டதால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அதை அடக்க மருந்து இல்லை.

ஹேசன் போகிற இடமெல்லாம் மண் அள்ளிவருவார். அதிலுள்ள ஸ்ட்ரெப்டோமைசஸ் வகைகளை வளர்த்து இரண்டு பூஞ்சைகளுக்கு எதிராகச் சோதிப்பார்: கேண்டிடா ஆல்பிகன்ஸ், கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ். ஏதாவது வேலை செய்தால், வளர்ப்பை ஊறுகாய் ஜாடி போன்ற கண்ணாடி ஜாடியில் அடைத்து ஆல்பனிக்குத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதை ஒவ்வொரு கரைப்பானாகப் போட்டு, வேலை செய்யும் பொருளைப் பிரித்துத் திரும்பத் தபாலில் அனுப்புவார். ஹேசன் மறுபடி பூஞ்சையில் சோதித்து, பிறகு விலங்கில் சோதிப்பார். அங்கேதான் கண்ணீர். பூஞ்சையைக் கொன்ற சாறுகளில் ஏறக்குறைய எல்லாமே எலியையும் கொன்றன. ஜோன் வந்தவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போட்டார்கள். கடைசியில் வெர்ஜீனியாவில் நோர்ஸ் என்ற நண்பர் குடும்பத்தின் பண்ணையில் அள்ளிய மண்ணில் ஒன்று தேறியது. நுண்ணுயிருக்கு நண்பர் பெயரை வைத்து 'ஸ்ட்ரெப்டோமைசஸ் நோர்சியை' என்றார்கள். மருந்துக்கு வேலை கொடுத்த மாநிலத்தின் பெயர்: நிஸ்டாடின். 1950இல் அறிவித்தார்கள். காப்புரிமையில் வந்த 130 லட்சம் டாலருக்கு மேற்பட்ட பணத்தில் இருவரும் தங்களுக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை, முழுவதும் ஆராய்ச்சிக்கே போனது. இத்தனைக்கும் நிஸ்டாடினை ரத்தத்தில் ஏற்ற முடியாது. வாய், குடல், தோல், அத்தோடு சரி. அந்த அளவு வெற்றிக்கே அத்தனை ஜாடிகள்.

நம் நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 1960களின் தொடக்கத்தில் புனே அருகே பிம்ப்ரியில், அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸில் எம்.ஜே. திருமலாச்சார் குழுவினர் மண்ணிலிருந்து ஹாமைசின் என்ற பூஞ்சைக்கொல்லியைப் பிரித்தார்கள். நுண்ணுயிரின் பெயரிலேயே ஊர் இருக்கிறது: 'ஸ்ட்ரெப்டோமைசஸ் பிம்ப்ரினா'. நம் பாடத்திட்டத்தில் அவருக்கு இடம் இல்லை. எனக்கே ஓய்வுக்குப் பிறகுதான் தெரியும்.

எலி ஏன் செத்தது என்பதைச் சொன்னால்தான் பூஞ்சை மருந்தின் சிக்கல் புரியும். பாக்டீரியா நமக்கு அந்நியன். அவன் வீட்டுச் சுவர் வேறு, ரைபோசோம் வேறு, உட்கரு கிடையாது. அவனை மட்டும் அடிக்க இடம் நிறைய உண்டு. பூஞ்சையோ நமக்குப் பங்காளி. ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தவர்கள். உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, புரதம் கட்டும் பட்டறை என்று வீட்டின் அமைப்பே ஒன்று. அவன் வீட்டில் வைக்கும் தீ நம் கூரைக்கும் தாவும். வேறுபாடு ஒன்றிரண்டு இடத்தில்தான். நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால், அவனுடையதில் எர்கோஸ்டெரால். அவனுக்குக் குளூக்கன் சுவர் உண்டு, நமக்கு இல்லை. உடலுக்குள் புகுந்த பூஞ்சைக்கு மருத்துவர் கையில் இருப்பதெல்லாம் இந்தச் சின்ன இடைவெளியில் நுழைந்த நாலைந்து மருந்துக் குடும்பங்கள் மட்டுமே.

2021 மே மாதத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பிளஸ் டூ தேர்வு நடக்குமா நடக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்த உங்களில் பலர் வீட்டில், கொரோனா வார்டிலிருந்து வந்த உறவினருக்குக் கன்னம் வீங்கியதா, கண் சிவந்ததா என்றும் பார்த்திருப்பீர்கள். கருப்புப் பூஞ்சை. சர்க்கரை நோய், ஸ்டீராய்டு, கொரோனா மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த உடம்பில் மியூகர் வகைப் பூஞ்சை மூக்குவழி ஏறி, எலும்பைத் தின்று, கண்ணுக்கும் மூளைக்கும் போனது. நாடு முழுவதும் 40,000 பேருக்கு மேல். தமிழக அரசும் அதை அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. மருத்துவமனை வாசல்களில் ஆம்போடெரிசின் குப்பிக்கு ஆட்கள் அலைந்தார்கள். அந்த மருந்து 1950களில் வெனிசுவேலாவின் ஒரினோகோ ஆற்றங்கரை மண்ணிலிருந்து வந்தது. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று தெரிந்தும், கொழுப்பு உறையில் பொதிந்து கொஞ்சம் சாந்தப்படுத்தி, அறுபது ஆண்டுக்கு மேலாக அதையே நம்பியிருக்கிறோம்.

எங்கள் வீட்டுக்குள்ளும் பூஞ்சை ஒருமுறை வந்தது. என் சித்தப்பா களத்தில் நெல் தூற்றும்போது வலது கண்ணில் சுணை விழுந்தது. கசக்கினார். பாட்டி தாய்ப்பால் வாங்கி வந்து விட்டாள். பிறகு விளக்கெண்ணெய், பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டு. அதில் ஸ்டீராய்டு இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன், அது பூஞ்சைக்குத் தீனி. மூன்றாம் வாரம் கண்ணில் பூ விழுந்துவிட்டது. நம்மவர்கள் அதற்கு 'பூ' என்று பேர் வைத்தது எனக்கு எப்போதும் விசித்திரமாக இருக்கும். அந்தப் பூவுக்குள் நிஜமாகவே பூசணத்தின் இழைகள்தான் இருந்தன.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கருவிழிப் பூஞ்சைப் புண்ணுக்கு விடும் சொட்டு நாட்டமைசின். தென்னாப்பிரிக்காவில் நட்டால் மாகாண மண்ணிலிருந்து 1950களில் வந்தது. பாலாடைக்கட்டியில் பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தடவுவதும் இதுவே. 2002இல் வோரிகோனசோல் என்ற நவீன மருந்து வந்ததும், பல மருத்துவர்கள் அதையே கண்ணுக்கும் விடத் தொடங்கினார்கள். எது மேல் என்று பெரிய அளவில் யாரும் முறையாகப் பார்த்திருக்கவில்லை. பார்த்தது நம் ஊரில். மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைச் சேர்த்து, யாருக்கு எந்தச் சொட்டு என்று மருத்துவருக்கும் தெரியாமல் நடத்திய சோதனை. 2013இல் வெளியான முடிவு: பழைய நாட்டமைசின் ஜெயித்தது. அதிலும் ஃபுசேரியம் பூஞ்சைக்கு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. ஆய்வகத் தட்டில் இரண்டு மருந்துக்கும் என்ன ஜோன் வந்தது என்று அந்த நோயாளிகளின் கண்கள் கேட்கவில்லை. புதியது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது என்று உலகத்துக்குக் காட்டியது நம் ஊர் நோயாளிகள்.

பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. நெதர்லாந்தில் துலிப் கிழங்குகளுக்கும் மற்றப் பயிர்களுக்கும் அடித்த அசோல் மருந்துகள், மருத்துவமனையில் தரும் வோரிகோனசோல் போன்ற அசோல்களின் உடன்பிறப்புகள். வயலில் அடிபட்டுப் பழகிய ஆஸ்பெர்ஜில்லஸ், மருந்தையே பார்த்திராத மனிதரின் நுரையீரலுக்குள்ளும் மசியாத பூஞ்சையாக நுழைந்தது. கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சை 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து முதலில் விவரிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் கண்டங்கள் தாண்டி மருத்துவமனைக் கட்டில்களிலும் திரைச்சீலைகளிலும் குடியேறிவிட்டது. இதன் சில திரிபுகள் எல்லா மருந்துக் குடும்பங்களுக்கும் டிமிக்கி கொடுக்கின்றன. 2021இல் டெல்லி ஆய்வாளர் அனுராதா சௌத்ரி குழு இதை அந்தமான் கடற்கரையிலும் சதுப்பிலும் கண்டது. உலக சுகாதார நிறுவனம் பூஞ்சைகளுக்கென்று ஒரு முன்னுரிமைப் பட்டியல் போட்டதே 2022இல்தான். அதில் 19 பெயர்கள், முதல் வரிசையில் இந்த ஆரிஸ்.

பாக்டீரியா பக்கம் வருவோம். 2010இல் 'லான்செட்' தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்து இந்திய நாடாளுமன்றம் வரை சத்தம் போட்டது. கார்பபெனெம் என்னும் கடைசிக்கட்ட மருந்துகளையே வெட்டிப்போடும் நொதி. அதற்கு புதுடெல்லியின் பெயரை வைத்திருந்தார்கள்: என்டிஎம்-1. வெள்ளைக்காரர்களுக்கு நியூயார்க், நட்டால் என்று மருந்தில் ஊர்ப்பெயர், நமக்கு நோயில் ஊர்ப்பெயரா என்று எனக்கும் அன்று கோபம் வந்தது. ஆனால் கட்டுரையின் முதல் ஆசிரியர் யார் என்று கவனித்தீர்களா? சென்னைப் பல்கலைக்கழகத் தரமணி வளாகத்தின் இளம் ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் மட்டும் அந்த நொதியுள்ள 44 திரிபுகளை அந்தக் கட்டுரை காட்டியது. அவரும் உங்களைப்போல தமிழ்நாட்டு ஆய்வகத்தில் தட்டு போட்டவர்தான். கடைசிக்கட்ட மருந்துக்கும் சாகாத பாக்டீரியாவைப் பார்த்து, ஏன் சாகவில்லை என்று கேட்டார், அவ்வளவு. அதன் தொடர்ச்சியாகச் சென்னையில் 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' எழுதின. 2014 மார்ச்சில் எச்-1 அட்டவணை நடைமுறைக்கு வந்தது. சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்துகளின் பட்டியல் அது.

சென்னைக்கு இன்னொரு பெருமை உண்டு, அதை யாரும் பட்டாசு வெடித்துக் கொண்டாடவில்லை. பாக்டீரியா மருந்தை வெட்டும் நொதிக்கு அணை போடும் பொருள்களில் டாசோபாக்டம் என்று ஒன்று பழையது. 2008 வாக்கில் சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தின் வேதியியலாளர்கள் அதில் ஒரே ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டினார்கள். ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன். அதனால் மூலக்கூறின் மின்சுமை சரிசமமாகி, பாக்டீரியாவின் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளே நுழைவது சுலபமானது. பெயர் என்மெட்டாசோபாக்டம். 2013இல் ஐரோப்பாவின் அலெக்ரா நிறுவனத்துக்கு உரிமம் போனது. சென்னை நிறுவனம் கடனில் மூழ்கி, திவால் நடவடிக்கைக்குப் போய், 2020இல் வேறு கைக்கு மாறியது. மூலக்கூறு மட்டும் ஒவ்வொரு கட்டமாகத் தேறி, 2024 பிப்ரவரியில் சிக்கலான சிறுநீர்த்தொற்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் உருவாகி அங்கே ஒப்புதல் பெற்ற முதல் ஆன்டிபயாடிக் வகை மருந்து. ஒரு மெத்தில், பதினாறு வருடம்.

பணம் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். சர்க்கரை மாத்திரை ஆயுள் முழுக்க விற்கும். நல்ல ஆன்டிபயாடிக் ஒரு வாரம் விற்கும், அதையும் பூட்டி வைத்துக் கடைசியில்தான் கொடுக்கச் சொல்வோம். அமெரிக்காவில் அக்கோஜன் என்ற நிறுவனம் பிளாசோமைசின் மருந்துக்கு 2018 ஜூனில் ஒப்புதல் வாங்கியது. 2019 ஏப்ரலில் திவால். ஜெயித்த கம்பெனியின் கதி அது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்போ நாங்க என்னதான் மேம் பண்றது, மூணு மாசத்துல?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. மூன்று மாதத்தில் மருந்து வராது. ஆனால் ஒரு நேர்மையான 'இல்லை'யைக் கொண்டுவர முடியும். ஜோன் வந்த அன்று சாயங்காலமே அதைக் கொல்லப் பாருங்கள். கரைப்பான் துளை, அமிலத்தன்மை, இரண்டும் முதலில். அடுத்து, 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்க்கவைத்து, எந்த அளவுக்குக் கீழே நுண்ணுயிர் தழைக்கிறது என்று பாருங்கள். மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராமில் வேலை செய்தால் நிமிர்ந்து உட்காரலாம். மில்லிகிராம் கணக்கில் ஊற்றினால்தான் சாகிறது என்றால், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பிறகு கொஞ்சம் சிவப்பணுக்களை எடுத்து அதே அளவில் சேருங்கள். குழியில் நீர் சிவந்து தெளிந்தால், பங்காளி வீட்டுத் தீ உங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனைகளுக்கெல்லாம் பெரிய கருவி வேண்டாம், நம் கல்லூரிகளிலேயே நடக்கும். ஒன்றே ஒன்று: வீரியத்தைக் காட்டுவதற்காக மருத்துவமனையிலிருந்து மசியாத திரிபுகளை வாங்கி வந்து துறை ஃப்ரிட்ஜில் சாப்பாட்டு டப்பா பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தக் காட்சியை நான் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு வசதியுள்ள ஆய்வகத்துக்குப் பொருளை அனுப்புவதே முறை.

இலையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் இன்று ஊசியில் ஏறும் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பாலானவை மண் நுண்ணுயிரிடமிருந்தோ வேதிக்கூடத்திலிருந்தோ வந்தவை என்பதை மறக்கவேண்டாம். மண்ணில் இருப்பவற்றில் நம் அகாரில் வளர்வது சொற்பம். கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெரி ரைட் குழுவினர் வீட்டுக் கொல்லை மண்ணை எடுத்து, ஏறக்குறைய ஒரு வருடம் அவசரப்படாமல் வளரவிட்டார்கள். மெதுவாக எழும்பிய ஒரு பேனிபேசில்லஸிடம் லாரியோசிடின் கிடைத்தது. ரைபோசோமில் இதுவரை எந்த மருந்தும் பிடிக்காத இடத்தைப் பிடிக்கிறது, மனிதச் செல்லைத் தொடவில்லை, மசியாத அசினெட்டோபாக்டர் ஏற்றிய எலிகளைக் காப்பாற்றியது. 2025இல் வெளிவந்தது. இனி மனிதரிடம் போக வருடங்கள் ஆகும். நாம் இருபத்துநாலு மணி நேரத்தில் வளராத தட்டை ஆட்டோகிளேவில் போட்டுக் கழுவிவிடுகிறோம். ஜூனியரிடம் ஒப்படைத்து, அவள் தன் ஜூனியரிடம் ஒப்படைக்கிற மாதிரி ஒரு தட்டை ஒரு வருடம் காக்க ஒரு துறைக்கு என்ன செலவு?

அப்புறம், வேதியியல் துறை. பெரும்பாலான கல்லூரிகளில் நமக்கும் அவர்களுக்கும் ஒரு சுவர்தான் இடையில். ஹேசனுக்கும் பிரவுனுக்கும் இருநூறு கிலோமீட்டர் இருந்தது. வேதியியல் துறையினர் புதுப்புது மூலக்கூறுகளைச் செய்து, பெயர் சூட்டி, புட்டியில் அடைத்து அலமாரியில் வைக்கிறார்கள். நாம் என்னவென்றே தெரியாத பச்சைச் சாற்றை வைத்துக்கொண்டு ஜோன் அளக்கிறோம். 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் கோ-ஆட் என்ற திட்டம் தொடங்கியது. உலகெங்கும் உள்ள கல்வி நிறுவன வேதியியலாளர்கள் தங்கள் அலமாரிப் புட்டிகளைத் தபாலில் அனுப்பினால், ஐந்து பாக்டீரியாவுக்கும் இரண்டு பூஞ்சைக்கும் எதிராக இலவசமாகச் சோதித்துத் தந்தார்கள். தேறியதை மனிதச் செல்லிலும் சிவப்பணுவிலும் சோதித்தார்கள். அந்த இரண்டு பூஞ்சை எவை தெரியுமா? கேண்டிடா ஆல்பிகன்ஸ், கிரிப்டோகாக்கஸ் நியோஃபார்மன்ஸ். ஹேசனின் அதே இரண்டு.

உங்கள் வழிகாட்டிகளைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. ஆண்டுக்கு இத்தனை கட்டுரை, இத்தனை புள்ளி என்று அவர்கள் கழுத்திலும் கயிறு இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பல்லை இளித்துக்கொண்டு நிற்கின்றன. ஜோன் வந்த ஆய்வேட்டுக்கு அங்கே உடனே இடம் உண்டு, 'சோதித்தோம், ஒன்றும் இல்லை' என்பதற்குக் கிடையாது. அதனால்தான் ஒரே குப்பைமேனி ஊர் ஊராக, வருடா வருடம், முதல்முறை போலச் சோதிக்கப்படுகிறது.

ஆகவே ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த ஆண்டு உங்கள் ஆய்வேட்டில் கடைசி வாக்கியத்தை எழுதாதீர்கள், அந்த 'எதிர்காலத்தில் புதிய மருந்து' வாக்கியத்தை. அந்த இடத்தில், எந்தச் சோதனையில் உங்கள் சாறு தோற்றது, எந்த அளவில், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். அடுத்த வருடம் வரும் பெண் அங்கிருந்து தொடங்கட்டும். வைவாவில் மதிப்பெண் குறைத்தால் என் பெயரைச் சொல்லுங்கள். வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியை ஒருத்தி